பணம் போட்டவர்களுக்கு மாத அறிக்கை: எக்ஸெல்லில் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். வீட்டுக் கணக்கை எக்ஸெல்லில் எழுதுபவர்களும் உண்டு. அதே எக்ஸெல், சிறு தொழில் தொடங்கியவர்களுக்கு இன்னொரு வகையிலும் கை கொடுக்கும். நம்மை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு மாதம் ஒரு பக்க அறிக்கை தயாரிக்கலாம். இதை நான் கற்றுக் கொண்ட விதம் அவ்வளவு பெருமையானது அல்ல. ஆனாலும் சொல்லி விடுகிறேன்.

நானும் என் நண்பரும் ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றைத் தொடங்கினோம். என் தாய்மாமா, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், கல்லூரி நண்பர்கள் மூவர் என ஐந்து பேர் பங்குதாரர்களாகப் பணம் போட்டார்கள். ஏப்ரல் மாதம் எங்கள் பெரிய வாடிக்கையாளர், பல கிளைகள் வைத்திருந்தவர், விலகி விட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜூன் மாதம் ஒரு திருமண வீட்டில் மாமா விசாரித்த போது, "இப்ப 65 கடை ஆயிடுச்சு மாமா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

பத்து நாள் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். "கடை போனது தப்பில்லை மாப்பிள்ளை. அதை நான் டீக்கடையில தெரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு" என்றார். அன்று இரவு உட்கார்ந்து தயாரித்ததுதான் கீழே உள்ள ஒர்க்ஷீட்.

எதை எல்லாம் சொல்ல வேண்டும்?

பணம் போட்டவர் அறிய விரும்புவது நான்கே விஷயங்கள். வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது? அது எத்தனை மாதம் வரும்? தொழில் வளர்கிறதா, தேய்கிறதா? தன்னால் ஏதாவது உதவி ஆகுமா?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்திற்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். முதல் நிதியாண்டுக்கு மட்டும் ஒன்பது மாத அவகாசம் உண்டு. ஆனால் வளரும் கம்பெனியில் ஒரு வருடம் என்பது மிக நீண்ட காலம். ஆறே மாதத்தில் பணம் தீர்ந்து போகலாம். அதனால்தான் மாத அறிக்கை தேவைப்படுகிறது. பணம் வாங்கும் போது போட்ட ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒர்க்ஷீட் அமைக்கும் முறை

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்ஷீட் எடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இந்தப் பாடத்தில் உள்ள மெனுக்கள் எக்ஸெல்லுக்கானவை. கால்க்கில் சில கட்டளைகள் வேறு மெனுவில் இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

1. முதல் வரிசையில் பி, சி, டி நெட்டு வரிசைகளில் ஏப்ரல், மே, ஜூன் என்று டைப் செய்திடுங்கள்.

2. ஏ நெட்டு வரிசையில், 2-வது வரிசை முதல் வரிசையாக இவற்றை டைப் செய்திடுங்கள்: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, மாதக் குறைவு, முடிவு இருப்பு. 7-வது வரிசையைக் காலியாக விட்டு, 8 முதல் 11 வரை: தொடக்கத்தில் கடைகள், புதிதாக வந்தவை, விலகியவை, முடிவில் கடைகள்.

3. இனி எண்கள். உதாரணத்திற்கு, ஏப்ரல் ஆரம்ப இருப்பு 24,00,000. மூன்று மாத வரவு முறையே 3,40,000, 2,90,000, 2,60,000. செலவு 5,30,000, 5,50,000, 5,60,000. ஏப்ரல் தொடக்கத்தில் 61 கடைகள். புதிதாக வந்தவை 4, 5, 6. விலகியவை 3, 4, 4.

4. மாதக் குறைவுக்கு ஃபார்முலா அமைப்போம். பி5 செல்லில் கிளிக் செய்து சமக்குறி போடுங்கள். அடுத்து ஏப்ரல் செலவு உள்ள செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, வரவு உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 1,90,000 என்று விடை வரும். செல்லின் பெயரை டைப் செய்ய வேண்டியதே இல்லை.

5. இதே போல் பி6-ல், ஆரம்ப இருப்பில் இருந்து மாதக் குறைவைக் கழியுங்கள். 22,10,000 வரும். பி11-ல், தொடக்கக் கடைகளுடன் புதியவற்றைக் கூட்டி, விலகியவற்றைக் கழியுங்கள்.

6. மே மாத ஆரம்ப இருப்பு என்பது ஏப்ரல் முடிவு இருப்புதானே! எனவே சி2-ல் சமக்குறி போட்டு, பி6-ல் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். சி8-ல் இதே போல் பி11-ஐக் காட்டுங்கள்.

7. பி5 செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து டி வரை இழுங்கள். பி6, பி11 ஆகியவற்றையும் இப்படியே இழுங்கள். சி2, சி8 செல்களை டி வரை இழுத்தால் போதும்.

ஜூன் முடிவில் இருப்பு 16,50,000, கடைகள் 65 என்று வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

ஏதாவது ஒரு செல்லில் எண்ணுக்குப் பதில் ##### என்று வந்தால் பயப்பட வேண்டாம். இடம் போதவில்லை என்றுதான் பொருள். மேலே நெட்டு வரிசை எழுத்துகளுக்கு இடையே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்தால் விரிந்து கொள்ளும். லட்சங்கள் நம் முறையில் காற்புள்ளியுடன் வரவில்லை என்றால், விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பிரிவு சென்று, அடிஷனல் செட்டிங்ஸ் கிளிக் செய்து, டிஜிட் குரூப்பிங் என்ற இடத்தில் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பணம் எத்தனை மாதம் வரும்?

அறிக்கையின் உயிரே இந்த ஒரு எண்தான். ஏ12-ல் 'சராசரிக் குறைவு', ஏ13-ல் 'எத்தனை மாதம் வரும்' என்று டைப் செய்திடுங்கள். டி12-ல் கிளிக் செய்து, ஹோம் டேபில் ஆட்டோசம் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பி5 முதல் டி5 வரை மவுஸால் இழுத்து என்டர் தட்டுங்கள். 2,50,000 வரும். டி13-ல், ஜூன் முடிவு இருப்பை இந்தச் சராசரியால் வகுங்கள். வகுப்பதற்கு உரியது சாய்கோட்டுக் குறி. விடை 6.6 மாதம்.

ஜூன் மாதக் குறைவான 3,00,000-ஐ மட்டும் எடுத்து வகுத்தால் 5.5 மாதம்தான் வரும். குறைவு மாதத்திற்கு மாதம் கூடிக் கொண்டே போகும் போது சராசரி நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். ஆகவே இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

இப்போது கடைகள் வரிசையையும் வரவு வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். கடைகள் 61-ல் இருந்து 65 ஆகி விட்டன. வரவோ 80,000 ரூபாய் குறைந்திருக்கிறது. போனது பெரிய கடை. வந்தவை சிறிய கடைகள். திருமண வீட்டில் நான் மாமாவிடம் சொன்னது முதல் எண்ணை மட்டும்தான்.

எண்களில் கவனம் தேவை

* பங்குதாரர் போட்ட பணத்தை வரவில் சேர்க்காதீர்கள். அது தொழில் சம்பாதித்த பணம் அல்ல. அதற்குத் தனி வரிசை போட்டு, முடிவு இருப்பில் கூட்டிக் கொள்ளுங்கள்.

* ஜிஎஸ்டி-யும் நம் பணம் அல்ல. 1,000 ரூபாய் பில்லுக்கு 18 சதவீத வரி சேர்த்து 1,180 வந்தால், வரவு 1,000 மட்டுமே. மீதி 180 அரசுக்குச் செல்ல வேண்டியது. வங்கியில் இருக்கும் வரிப் பணத்தைத் தனியே குறித்துக் கொண்டு, இருப்பில் சேர்க்காமல் விடுங்கள்.

* பில் போட்டு விட்டோம் என்பதற்காக வரவு எழுதாதீர்கள். வராத தொகையை 'பாக்கி' என்று தனி வரிசையில் காட்டுங்கள்.

* ஒரு கடை ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் அந்த மாத வரவு திடீரென உயரும். அதை ஒரு வரியில் விளக்கி விடுங்கள்.

* இந்த மாதம் ஒரு அளவு, அடுத்த மாதம் வேறு அளவு என்று மாற்றாதீர்கள். நன்றாக இருக்கும் எண்ணை மட்டும் தேடி எடுத்து எழுதினால், படிப்பவர் மூன்றாவது மாதமே கண்டுபிடித்து விடுவார்.

வரைபடம்

முதல் வரிசையில் உள்ள மாதங்களை மவுஸால் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு, முடிவு இருப்பு எண்களையும் தேர்ந்தெடுங்கள். இன்சர்ட் டேபில் லைன் சார்ட் கிளிக் செய்திடுங்கள். இடது பக்கம் உள்ள அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சிறிய மாற்றமும் மலை போலத் தெரியும். அச்சில் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் ஆக்சிஸ் பிரிவில் மினிமம் என்ற இடத்தில் 0 கொடுங்கள்.

அனுப்பும் முறை

எக்ஸெல் ஃபைலை அப்படியே அனுப்ப வேண்டாம். மறைத்து வைத்த சம்பள ஷீட்டைக் கூட மற்றவர் திறந்து விடலாம். ஃபைல் மெனுவில் சேவ் அஸ் சென்று, டைப் என்ற இடத்தில் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, அந்த ஃபைலை இணையுங்கள்.

இமெயிலில் டு கட்டத்தில் உங்கள் முகவரியையும், பிசிசி கட்டத்தில் மற்றவர்கள் முகவரியையும் கொடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. சப்ஜெக்ட் வரியில் கம்பெனி பெயர், மாதம், ஆண்டு இருக்கட்டும். பின்னால் தேடி எடுக்க எளிது.

கடிதம் 15 வரிக்கு மேல் வேண்டாம். முதல் வரியிலேயே இருப்பும், எத்தனை மாதம் வரும் என்பதும் இருக்க வேண்டும். அடுத்து கெட்ட செய்தி, அதற்கு நாம் செய்வது, பிறகு நல்ல செய்தி. கடைசியில் உதவி. "ஆதரவு தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் நடக்காது. "பவானியில் மூன்று கிளைக்கு மேல் உள்ள கடைக்காரர் யாரையாவது அறிமுகம் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள்.

தவறை எழுதக் கூச்சமாக இருக்கிறதா? பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் வாரன் பஃபெட், 1993-ல் டெக்ஸ்டர் என்ற ஷூ கம்பெனியை வாங்கியது தன் பெரிய தவறு என்று பங்குதாரர் கடிதங்களில் தானே எழுதியவர். அதனால் யாரும் அவரை விட்டு ஓடி விடவில்லை.

என் முதல் அறிக்கை ஜூலை 5-ம் தேதி இரவு போனது. அனுப்பும் பட்டனை அழுத்த எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. நண்பர் ஒருவர், இனிமேல் பணம் போட இயலாது என்று பதில் எழுதினார். வங்கி மேலாளர் மறுநாள் காலையிலேயே போன் செய்தார். அவர் கேட்டது பாக்கி வரிசையைப் பற்றி மட்டும்தான். "1,80,000 வெளியே நிக்குது தம்பி. முதல்ல அதை வசூல் பண்ணுங்க. அப்புறம் செலவைக் குறைக்கலாம்" என்றார். அதையே செய்தோம். அலுவலகத்தையும் சிறிய இடத்திற்கு மாற்றினோம். டிசம்பர் அறிக்கையில் டி13-ன் எண்ணுக்குப் பதிலாக வந்த எண் 11.

மாமாவுக்கு இமெயில் பழக்கம் இல்லை. அவருக்கு மட்டும் பிரிண்ட் எடுத்து நேரில் கொண்டு போய்க் கொடுக்கிறேன். முதலில் பார்ப்பது 'விலகியவை' வரிசையைத்தான். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி கொடுத்து விட வேண்டும். 6-ம் தேதி ஆனால் அவரே போன் செய்து விடுவார்.