விபிஎன் 'ஆன்' ஆகிறது, வீடு மட்டும் திறக்கவில்லை

ஊர் வீட்டு ரவுட்டரில் விபிஎன் (இணையத்தின் வழியே இரண்டு இடங்களைப் பூட்டிய பாதையால் இணைக்கும் ஏற்பாடு) அமைத்துவிட்டால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக் கேமராவைப் பார்க்கலாம். அப்பாவின் கணினியில் உள்ள பத்திர நகல்களை எடுத்துக்கொள்ளலாம். இதற்காக வீட்டுக் கேமராவை இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பதைவிட இது எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது. ஆனால், அமைத்தவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: கைப்பேசியில் பொத்தானைத் தட்டினால் ஆன் ஆகிறது, மேலே சாவிக் குறியும் வருகிறது, கேமரா மட்டும் திறப்பதில்லை.

இன்றைய வீட்டு ரவுட்டர்களில் பரவலாகக் கிடைப்பது வயர்கார்டு என்ற விபிஎன். 2020இல் லினக்ஸின் 5.6ஆம் பதிப்பில் அதன் கருநிரலிலேயே இடம்பெற்றது. வேகமானது, அமைப்பதற்கும் எளிது. ஆனால் பேச்சு மிகக் குறைவு. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு 'இல்லை' என்றுகூடப் பதில் தராது. கைப்பேசியில் பொத்தான் ஆன் ஆவதற்கு, 'என் பக்கம் தயார்' என்பது மட்டுமே பொருள். எதிர்முனை ரவுட்டர் மின்சாரமே இல்லாமல் கிடந்தாலும் அது ஆன் ஆகத்தான் செய்யும். ஆகவே அந்தப் பொத்தானை நம்பாதீர்கள். செயலியின் உள்ளே மூன்று விவரங்கள் இருக்கும்: அனுப்பிய அளவு, பெற்ற அளவு, கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் பரிமாற்றம்) நடந்த நேரம். கோளாறு எங்கே என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும்.

பார்ப்பதற்கு முன் கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் வெளி முகவரியைத் தட்டினால், பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடுவதில்லை. நன்றாக வேலை செய்யும் விபிஎன்னை இந்த ஒரு காரணத்தால் 'போகவில்லை' என்று முடிவுகட்டி, மாலை முழுவதும் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அனுப்பிய அளவு ஏறுகிறது, பெற்ற அளவு பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால், பொட்டலங்கள் (இணையத்தில் தரவு செல்லும் சிறு துண்டுகள்) வீட்டை எட்டவில்லை. அல்லது எட்டியும் ரவுட்டர் அவற்றை ஏற்கவில்லை. ஹேண்ட்ஷேக் சில நிமிடங்களுக்குள் நடந்திருக்கிறது, ஆனால் கேமரா திறக்கவில்லை என்றால், பாதை நன்றாக இருக்கிறது, சிக்கல் வீட்டுக்குள். கொஞ்சம் திறந்து பாதியில் உறைந்து நின்றால், பொட்டலத்தின் அளவில் சிக்கல். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எந்த அமைப்பிலும் கை வைக்க வேண்டாம்.

முதல் வகையில் நான் எப்போதும் முதலில் சந்தேகிப்பது சாவியை அல்ல, முகவரியை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வேன்' என்ற தலைப்பின் கீழ் ஓர் ஐபி முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு வைஃபையிலேயே, உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி கிடையாது. இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். இந்த எண்வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் முகவரி மட்டும் எழுதி, கதவு எண் எழுதாமல் அனுப்பிய கடிதத்தின் நிலைதான் உங்கள் பொட்டலத்துக்கும்: வாசல்வரை வரும், யார் வீட்டுக்கு என்று தெரியாமல் நின்றுவிடும்.

இந்த நிலையில் ரவுட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பும் அமைப்பு) எத்தனை முறை போட்டாலும், பொட்டலம் உங்கள் ரவுட்டர்வரை வந்தால்தானே? வழிகள் நான்கு. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பெறுவது நேரான வழி; சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன, சில வீட்டு இணைப்புக்குத் தருவதே இல்லை. இரண்டாவது, ஐபிவி6 (நீண்ட முகவரிகள் கொண்ட புதிய ஐபி முறை). நம் நாட்டில் பல நிறுவனங்கள் இதைக் கேட்காமலேயே தருகின்றன. இதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் பங்கீடும் இல்லை. ஆனால் இணைய நிறுவனம் பொருத்திய பைபர் பெட்டியின் ஃபயர்வால் (வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் காவல்) உள்ளே வரும் ஐபிவி6 இணைப்புகளை மறித்துவைத்திருக்கும். விபிஎன் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 கிடைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது, டெயில்ஸ்கேல் போன்ற சேவை. அது வயர்கார்டைத்தான் உள்ளே பயன்படுத்துகிறது. இரு முனைகளும் வெளியே சென்று சந்தித்துக்கொள்ள ஏற்பாடு செய்வதால், பொது முகவரி இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். நான்காவது, பிறரது சேவையை நம்பியிருப்பதில் தயக்கம் உள்ளவர்கள் மாத வாடகைக்கு ஒரு சிறு கிளவுட் சர்வர் எடுத்து, வீட்டையும் கைப்பேசியையும் அதில் இணைக்கலாம். சிஜிநாட்டில் இருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு டெயில்ஸ்கேல் வகையே போதும் என்பது என் கருத்து.

ரவுட்டரின் வேன் முகவரி 192.168 என்று தொடங்கினால் செய்தி வேறு. இணைய நிறுவனம் பொருத்திய பைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் இரண்டாவதாக நிற்கிறது. பைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (தான் முகவரி பங்கிடாமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டு பெட்டிகளிலும் போர்ட் திறக்க வேண்டும். 10 என்று தொடங்கும் முகவரி இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நிறுவனத்திடம் கேட்டுத்தான் உறுதி செய்ய முடியும்.

போர்ட் திறக்கும்போது, பொட்டலம் அனுப்பும் முறைகளான டிசிபி, யூடிபி இரண்டில் யூடிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வயர்கார்டுக்கு டிசிபி தெரியாது. வழக்கமான எண் 51820. 'உங்கள் போர்ட் திறந்திருக்கிறதா' என்று சோதித்துச் சொல்லும் இணையதளங்களை இங்கே நம்ப வேண்டாம். அவற்றில் பல டிசிபியைத்தான் சோதிக்கும். யூடிபியைச் சோதித்தாலும், சாவி இல்லாதவருக்கு வயர்கார்டு பதில் தராது என்பதால், திறந்திருக்கிறதா என்று அவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது.

முகவரியும் போர்ட்டும் சரி என்றால் அடுத்தது சாவி. ஒவ்வொரு முனையிலும் தன்னுடைய அந்தரங்கச் சாவியும் எதிர்முனையின் பொதுச் சாவியும் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போடுவது சகஜம். சாவி 44 எழுத்துகள் கொண்டது. கடைசியில் ஒரு சமக்குறி இருக்கும். நகலெடுக்கும்போது அந்தச் சமக்குறி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் வரும் கோளாறு தனி ரகம். அதில் இரண்டு உண்டு. மின்சாரம் வந்ததும் வீட்டின் பொது முகவரி மாறியிருக்கும். அதற்காகத்தான் டிடிஎன்எஸ் (மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் சேவை) வைத்திருப்பீர்கள். ஆனால் வயர்கார்டு, இணைப்பைத் தொடங்கும்போது ஒருமுறைதான் பெயரைக் கேட்டு முகவரியைத் தெரிந்துகொள்கிறது. பிறகு பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் விபிஎன்னை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் காரணம் இதுதான். இரண்டு வீடுகளை ரவுட்டருக்கு ரவுட்டர் இணைத்திருப்பவர்கள், அவ்வப்போது பெயரை மறுபடி கேட்கும் வசதி தங்கள் ரவுட்டரில் இருக்கிறதா என்று பார்த்து இயக்க வேண்டும்.

இன்னொன்று கடிகாரம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் ஏதோ ஒரு பழைய தேதியில் விழித்து, இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்கின்றன. வயர்கார்டு ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரத்தைப் பொதிந்து அனுப்பும். முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வருவதை, யாரோ பழைய பொட்டலத்தைப் பிடித்துவைத்துத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று கருதி எதிர்முனை ஒதுக்கிவிடும். சரியான பாதுகாப்புதான். ஆனால் அப்படி இணைத்த இரண்டு வீடுகளில் ஒன்றின் ரவுட்டர் தன் போக்குவரத்து முழுவதையும் விபிஎன் வழியாகவே அனுப்பும்படி அமைந்திருந்தால் முட்டுச்சந்து: நேரம் சரியானால்தான் விபிஎன் வரும், விபிஎன் வந்தால்தான் நேரம் சரியாகும். நேரம் கேட்கும் போக்குவரத்தை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடுவது தீர்வு. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால், சிறு மின்வெட்டுகளில் இந்த இரண்டு தொல்லைகளும் எழாமலே போகும்.

இரண்டாவது வகைக்கு வருவோம்: ஹேண்ட்ஷேக் நடக்கிறது, வீட்டுக் கருவி திறக்கவில்லை. இங்கே முதல் காரணம் எண் மோதல். ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையிலேயே விற்பனைக்கு வருகின்றன. ஊர் வீட்டிலும் அதே வரிசை, நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலும் அதே வரிசை என்றால், உங்கள் கணினி கேமராவை அக்கம்பக்கத்திலேயே தேடும்; விபிஎன்னுக்குள் அனுப்பாது. ஊர் வீட்டின் வரிசையை 192.168.73 என்பதுபோல எளிதில் மோதாத ஒன்றாக மாற்றிவிடுங்கள். கேமராவுக்குக் கையால் முகவரி கொடுத்திருந்தால் அதையும், அதிலுள்ள கேட்வே (வெளியே செல்லும் வழியாகிய ரவுட்டரின் முகவரி) என்ற இடத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். கேட்வே காலியாக இருக்கும் கேமரா, வீட்டுக்குள் நன்றாகத் தெரியும். விபிஎன் வழியாக வருபவருக்குப் பதில் சொல்ல வழி தெரியாது. விண்டோஸ் கணினிகளின் ஃபயர்வாலும், வேறு எண்வரிசையிலிருந்து வரும் கோரிக்கைகளை மறிப்பதுண்டு.

மூன்றாவது வகை: குறுஞ்செய்தி போகிறது, படம் வருவதில்லை, கேமராவின் நுழைவுப் பக்கம் வருகிறது, காட்சி உறைகிறது. ஒரு பொட்டலத்தின் பெரும அளவு பொதுவாக 1500 பைட். வயர்கார்டு தன் தலைப்புகளுக்காக 60 பைட், ஐபிவி6 வழியே சென்றால் 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எம்டியு (ஒரு பொட்டலத்துக்கான மேல் வரம்பு) 1420 என்று இருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பு என்றால் அது இன்னும் 8 பைட் எடுக்கும். ஐபிவி6 வழியே 1412தான் கொள்ளும். மொபைல் வலைகளில் இதைவிடக் குறையலாம். இரு முனைகளிலும் 1380 வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் 1280. அதற்கும் கீழே இறங்க வேண்டாம். ஐபிவி6 இயங்கக் குறைந்தது 1280 தேவை.

வேகம் மட்டும் குறைவு என்றால் அது கோளாறே அல்ல. மலிவான ரவுட்டரில் ஓபன்விபிஎன் என்ற வேறு வகை விபிஎன்னை ஓட்டினால், அதன் சிறிய செயலி திணறும், வயர்கார்டுக்கு மாறுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது உங்கள் வீட்டின் பதிவேற்ற வேகம்தான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. இணைய நிறுவனம் தந்த பைபர் பெட்டியின் பின்னால் குண்டூசியால் குத்தி ரீசெட் செய்யாதீர்கள். அதிலுள்ள பயனர் பெயர் முதலான நிறுவன அமைப்புகள் அழிந்தால், விபிஎன் மட்டுமல்ல, இணையமே போய், ஊழியர் வரும்வரை காத்திருக்க நேரும். ஃபயர்வாலை முழுதாக அணைப்பதும், டிஎம்இசட் (வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போடுவதும் 'சோதனைக்காக' என்று தொடங்கி நிரந்தரமாகிவிடுபவை. பழைய ரவுட்டர்களில் பிபிடிபி என்ற விபிஎன் இருக்கும். சட்டென்று இணையும் என்பதற்காகச் சிலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அதன் கடவுச்சொல் முறையை உடைக்கலாம் என்று 2012இலேயே பொதுவெளியில் காட்டிவிட்டார்கள். கைப்பேசியின் செயலிக் கடையில் கிடைக்கும் இலவச விபிஎன்களும் இதற்கு மாற்றல்ல. அவை உங்கள் போக்குவரத்தை வேறொருவர் சர்வருக்குக் கொண்டுபோகும். உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாது.

கடைசியாக, ஒரு குடும்பப் பழக்கம். வயர்கார்டு அமைப்பை க்யூஆர் படமாக எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'எல்லாரும் இதையே ஸ்கேன் பண்ணிக்கோங்க' என்று சொல்வது. அந்தப் படத்துக்குள் அந்தரங்கச் சாவி அப்படியே இருக்கிறது. அதோடு, ஒரே சாவியோடு இரண்டு கைப்பேசிகள் வந்தால், கடைசியாகப் பேசியது எதுவோ அதற்கே ரவுட்டர் பதில் அனுப்பும். அண்ணன் கேமராவைத் திறந்தால் தங்கைக்கு நிற்கும், தங்கை திறந்தால் அண்ணனுக்கு. காரணம் தெரியாமல் 'விபிஎன் விட்டுவிட்டு வருகிறது' என்று இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படிப் பகிர்ந்திருந்தால் அந்தச் சாவியை இன்றே நீக்கிவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவியும் தனி உள் முகவரியும் உருவாக்குங்கள். படத்தை நேரில் காட்டி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நாளை ஒரு கைப்பேசி தொலைந்துபோனால், ரவுட்டரில் அதன் வரியை மட்டும் நீக்கினால் போதும். மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.