தொழிற்சந்தைக்குச் செல்லுமுன்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்னும் பழமொழி, உத்தியோகத்தின்பால் யாழ்ப்பாணத்தார் வைத்த பற்றினை நன்கு காட்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம்மவர் பலர் மலாயாப் புகையிரதப் பகுதியிலும், கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞர் சேவையிலும் அமர்ந்தனர். அக்கால மாணவன் அறிந்த வழி ஒன்றே. விளம்பரம் வெளிவரும், விண்ணப்பிப்பான், பரீட்சை எழுதுவான், சித்தியெய்தின் நியமனம் பெறுவான். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அவ்வழியை ஒடுக்கியது. எனினும், பரீட்சைக்கு அமரும் மனப்பாங்கு நம்மை விட்டகலவில்லை. இன்று பட்டம் பெற்று வெளியேறும் இளைஞனும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாணவனும் தொழிற்சந்தைக்குச் செல்கின்றனர். சென்று, கொம்பனிப் பிரதிநிதியின் மேசை முன்னே வினாத்தாளை எதிர்நோக்குவார் போல வாய் மூடி நிற்கின்றனர். சந்தை என்னும் பெயரைச் சற்றே சிந்தித்தல் நன்று. சந்தைக்குச் செல்வோன் தேங்காயைத் தட்டிப் பார்த்தே வாங்குவான். வினவப்படுதற்கு ஆயத்தஞ் செய்வது போலவே வினவுதற்கும் ஆயத்தஞ் செய்துகொண்டு அங்கு செல்லல் வேண்டும்.

வருகை தரும் நிறுவனங்களின் பெயர்கள் பெரும்பாலும் முன்னரே வெளியிடப்படும். எல்லா மேசைகளையும் சுற்றுதல் வீண். நான்கைந்தைத் தெரிந்து, அவை யாது செய்கின்றன, கிளைகள் எங்குள்ளன, பயிலுநரைச் சேர்ப்பனவா என்பவற்றை முதனாளே அறிந்துகொள்க.

சுயவிபரக் கோவை இரண்டு பக்கங்களுக்கு மேற்படலாகாது. “கடின உழைப்பாளி”, “நேர்மையானவர்” என்பன எல்லார் கோவையிலும் உள்ளமையின் எவர் கோவையிலும் கவனிக்கப்படுவதில்லை. “இந்து மாணவர் மன்றத்தின் பொருளாளராக ஓராண்டிருந்து, வரவு செலவுக் கணக்கைப் பொதுக்கூட்டத்திற் சமர்ப்பித்தேன்” என ஒரு வரி எழுதின், கணக்காய்வு நிறுவனத்தார் அதன்மேல் ஒரு வினாவேனும் தொடுப்பர். விடுமுறையிலே தந்தையாரின் கடையில் நின்று விற்றமையும் எழுதத் தக்கதே. அதனை மறைப்பது நம்மிடையே ஒரு வழக்கம், காரணம் விளங்கவில்லை. மொழியறிவை உள்ளவாறு எழுதுக. சிங்களம் “நன்று” என்று எழுதியவனைச் சிங்களத்திலேயே வினவுதல் கூடும்.

தன்னைப்பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசுதற்கு நண்பனொருவன் முன்னிலையிற் பழகிக்கொள்க. மனனஞ் செய்யற்க. இடையே ஒரு வினா எழின் மனனஞ் செய்தது முழுவதும் மறந்துபோம்.

இனி மாணவன் வினவ வேண்டியன யாவை? முதலாவது, இது சம்பள நியமனமா, முகவர் வேலையா என்பது. “முகாமைத்துவப் பயிலுநர்”, “விற்பனை நிறைவேற்றலர்” முதலிய அழகிய பெயர்களின் கீழ்க் கொமிஷன் வேலைகள் சில மறைந்திருத்தல் உண்டு. கொமிஷன் இழிவன்று, அதனால் வீடு கட்டியோரும் உளர். ஆயினும், மாதச் சம்பளத்தை நம்பி வங்கிக் கடனுக்குக் கையொப்பமிட எண்ணுங் குடும்பத்துப் பிள்ளை அதனை முன்னரே அறிதல் வேண்டும்.

இதனை அறிதற்கு எளிய வினா ஒன்றுண்டு: “ஊழியர் சேமலாப நிதி செலுத்துவீர்களா?” 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஊழியனின் சம்பாத்தியத்தில் 8 சதவீதம் கழிக்கப்பட, தொழில்தருநர் தம் பங்காக 12 சதவீதம் செலுத்துதல் வேண்டும். 1980 இல் இயற்றப்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டத்தின்படி மேலும் 3 சதவீதம் தொழில்தருநரே செலுத்துவர். 50,000 ரூபா சம்பளமெனின், கையிற் கிடைப்பது 46,000; ஆயின் நிதிகளிற் சேர்வது 11,500. இரண்டு நிறுவனங்களின் சம்பளத்தை ஒப்பிடுவோர் இதனையுங் கூட்டிப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய வினாவுக்கு விடை மழுப்பலாக வரின், அடுத்த மேசைக்குச் செல்வதே தக்கது.

வேலை நேரத்தையும் வினவலாம். அது மரியாதைக் குறைவன்று. கடை, அலுவலக ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என 1954 ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்துள்ளது. மேற்படிப்புக்கு விடுமுறை தருவரா, பயிற்சிக்குப் பின் விலகின் பணம் செலுத்த வேண்டுமா என்பனவும் வினவத் தக்கன. பின்னையது ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கத்திற் சிறிய எழுத்தில் இருப்பதுண்டு.

வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறுவோரிடம், 1985 இன் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, அதனைப் பணியகத்திலேயே சரிபார்க்க. பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளையே எடுத்துச் செல்க. மூலப் பத்திரத்தையோ பணத்தையோ சந்தையில் எவரிடமும் ஒப்படைக்கலாகாது.

சில மேசைகளுக்கு அப்பால் நம் கல்லூரிப் பழைய மாணவர் அமர்ந்திருப்பர். அன்னாருக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியின் பெயரைச் சொல்லி வரும் தம்பிக்குச் சிபாரிசு செய்தலினும், முதலாண்டுச் சம்பளம் எவ்வளவு, சனிக்கிழமையும் வேலையுண்டா, சேர்ந்தவர் நிலைப்பதில்லையாயின் ஏன் என்பவற்றை ஒளியாது கூறுதல் பேருதவியாகும். விளம்பரத் தாள்களில் இவை அச்சிடப்படுவதில்லை.

வீடு திரும்பிய அன்றிரவே, யாரிடம் யாது பேசினோம் என்பதைக் கொப்பியொன்றிற் குறித்துக்கொள்க. இரண்டு நாட்களுக்குள் அவருக்குச் சுருக்கமான கடிதமொன்று அனுப்புக. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரின், அக்குறிப்பையும் மூலச் சான்றிதழ்களையும் உடன் கொண்டு செல்க.