பல பெட்டிகள், ஒரே தலைமை

ஜொகூரின் கூலாய் மாவட்டத்திலுள்ள செடெனாக் வட்டாரம் முன்பு செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. இன்று அங்குத் தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியபின், பல நிறுவனங்கள் அருகிலிருக்கும் ஜொகூரை நாடின. இத்தகைய மையத்திலிருந்து புறப்படும் தரவு நம் பள்ளிக் கணினிக்கூடத்தை அடையும்போது, அது கடைசியாகக் கடக்கும் கருவிகளுள் ஒன்று ‘சுவிட்ச்’. இது விளக்கு ஏற்றும் சுவிட்ச் அன்று. வந்த தரவின் முகவரியைப் பார்த்து, உரிய கணினிக்கு மட்டும் அதை அனுப்பும் பெட்டி.

ஒரு சுவிட்சில் பெரும்பாலும் 24 அல்லது 48 இணைப்புத் துளைகள் இருக்கும். கட்டடம் பெரிதானால் ஒன்று போதாது. ஒன்பது சுவிட்சுகளைத் தனித்தனியாக நிறுவினால், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி அமைப்பு என்றாகிவிடும். ஒரு சிறு திருத்தத்தையும் ஒன்பது முறை செய்ய வேண்டும். எட்டில் செய்து ஒன்றில் மறந்துவிட்டால், பிழையைத் தேடுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததே சுவிட்சுகளை அடுக்காக இணைக்கும் முறை. சிஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ‘ஸ்டேக்வைஸ்’ என்னும் நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. ஒன்பது சுவிட்சுகள் வரை, பின்புறமுள்ள சிறப்பு வடங்களால் வளையமாக இணைக்கப்பட்டன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை 432 துளைகள் கொண்ட ஒரே சுவிட்ச், முகவரியும் ஒன்றே. அவற்றுள் ஒன்று தலைமை ஏற்கும். எது தலைமை ஏற்க வேண்டும் என்பதை முன்னுரிமை எண் கொடுத்து நாமே முடிவு செய்யலாம். அமைப்பு விவரங்களின் படி எல்லா உறுப்பினர்களிடமும் இருப்பதால், தலைமை பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். பின்னர் வந்த சில வகைகள் மின்சாரத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் மின்வழங்கி செயலிழந்தால், அண்டைச் சுவிட்சின் உபரி மின்சாரம் அதைக் காக்கும்.

ஆயினும், ஒரே தலைமை என்பதில் ஆபத்தும் உண்டு. தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்தால் அது முழு அடுக்கையும் பாதிக்கலாம். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பொதுவாக எல்லாச் சுவிட்சுகளும் ஒன்றாக நின்று மீண்டும் இயங்கும். பள்ளியிலோ அலுவலகத்திலோ அதை இரவில் செய்துகொள்ளலாம். ஓய்வே இல்லாத தரவு மையத்தில் அது இயலாது. அதனால்தான் பெரிய மையங்களின் முதன்மைப் பாதைகளில் பெரும்பாலும் தனித்தனியே இயங்கும் சுவிட்சுகளை நிறுவுகின்றனர்.

வளையத்தில் ஒரு வடம் அறுந்தால் தரவு மறுபுறமாகச் சுற்றிச் செல்லும். வேகத்திறன் பாதியாகும், ஆனால் வேலை நிற்காது. வெவ்வேறு இடங்களில் இரண்டு வடங்கள் அறுந்தாலோ, அடுக்கு இரண்டாகப் பிளந்துவிடும். இரு பகுதிகளும் அதே முகவரியைத் தமக்கு உரியது என்று கூறும்; வலையமைப்பு குழம்பும்.

கடைசிச் சுவிட்சிலிருந்து முதல் சுவிட்சுக்குத் திரும்பும் வடத்தைச் சிலர் சிக்கனம் கருதி விட்டுவிடுகின்றனர். வளையம் மூடப்படாவிட்டாலும் அடுக்கு இயங்கும். விளக்குகளும் பச்சையாகவே எரியும். ஒரே ஒரு வடம் கழலும் நாளில்தான் அந்தக் குறை தெரியவரும்.