செஸ்: முதலில் நீங்கள் ஆடுங்கள், பிறகு கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் முதலில் தேடுவது விளையாட்டுகளைத்தான். செஸ் பிரியர்களுக்கு எந்த நேரமும் ஆட ஒரு ஆள் வீட்டிலேயே தயார். ஆனால் அந்த ஆளை எப்படிப் பயன்படுத்தக்கூடாது என்பதை என் அனுபவத்திலிருந்து முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ராஜபாளையம் அருகே தளவாய்புரம். நைட்டிக்குப் பெயர் பெற்ற ஊர். 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, பள்ளி மாணவனாக நான் செஸ் கற்றேன். இதுவரை ஒரு பரிசும் வாங்கியதில்லை. ஆனாலும் இரவு கடை அடைத்ததும் பக்கத்துத் தையல் கடை அண்ணாச்சியுடன் ஒரு ஆட்டம் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் எங்கள் ஆட்டங்களை அதில் போட்டுப் பார்த்து, மறுநாள் அண்ணாச்சியின் தவறுகளை எல்லாம் வரிசையாக வாசித்தேன். நான்காம் நாள் அவர், "தம்பி, நீ அந்தப் பொட்டி கூடவே ஆடு. எனக்கு வேலை கிடக்கு" என்று எழுந்து போய்விட்டார். ஒரு மாதம் வரவில்லை.

1997 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் ப்ளூ, உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5 - 2.5 என்று தோற்கடித்தது. அது நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்த ராட்சத இயந்திரம். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எந்தச் சாம்பியனையும் மிஞ்சும். அதை வைத்து அண்ணாச்சியை அளந்ததுதான் என் தவறு.

சரியான முறை இதுதான்:

1. பிரவுசரில் லிசெஸ் டாட் ஆர்க் தளத்தைத் திறக்கவும். கட்டணமும் விளம்பரமும் கிடையாது. கம்ப்யூட்டருடன் ஆட அக்கவுண்ட் கூடத் தேவையில்லை.

2. கம்ப்யூட்டருடன் ஆடுவதற்கான பட்டனை கிளிக் செய்தால் 1 முதல் 8 வரை லெவல்கள் கிடைக்கும். புதியவர்கள் 1-ல் தொடங்கவும். தொடர்ந்து ஜெயித்தால் அடுத்த லெவலுக்குப் போகலாம்.

3. நண்பருடன் பலகையில் ஆடினால் நகர்த்தல்களை நோட்டில் எழுதி வைக்கவும். குறுக்கே ஏ முதல் எச் வரை, மேலே 1 முதல் 8 வரை. ராஜாவுக்கு முன்னால் உள்ள வெள்ளைச் சிப்பாய் இ2-வில் இருக்கும். அது இரண்டு கட்டம் போனால் இ4.

4. டூல்ஸ் மெனுவில் அனாலிசிஸ் போர்டு திறந்து, நகர்த்தல்களைப் போடவும். இன்ஜின் சுவிட்சை ஆன் செய்ய வேண்டாம். ஆட்டம் எங்கே கைமாறியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள்.

5. இப்போது இன்ஜினை ஆன் செய்யவும். பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கறுப்புக்கு. 1 என்பது ஏறத்தாழ ஒரு சிப்பாயின் மதிப்பு. 0.3 போன்ற சிறு வித்தியாசங்களை விட்டுவிடுங்கள். ஒரே நகர்த்தலில் 2-க்கு மேல் மாறிய இடங்களை மட்டும் பாருங்கள். நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்டர்நெட்டில் மனிதர்களுடன் ஆடும்போது இன்ஜின் உதவியை நாடுவது மோசடி. கண்டுபிடித்தால் உங்கள் அக்கவுண்டை முடக்கிவிடுவார்கள்.

இந்த முறையில் என் நகர்த்தல்களை மட்டும் பார்த்து, என் தவறுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். "இந்த இடத்துல நீங்க குதிரையை ஏன் பின்னால எடுத்தீங்க? எனக்குப் புரியவே இல்ல" என்று கேட்டேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "பலகையை எடு, காட்டுறேன்" என்றார். அன்று கடை அடைக்க இரவு பதினொன்றரை ஆனது.

நீங்களும் இன்றே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.