பழைய காரும் பழுதுநீக்க உத்தரவாதமும்

இரண்டாமாண்டு இளங்கலை வணிகவியல் மாணவன்

முன்னுரை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் வாங்குவார் எவருமில்லை. சந்தைக்குப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதன் பின்னரே தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பழைய காருக்குப் பல்லுமில்லை, சுழியுமில்லை. அதன் குறை உள்ளே மறைந்திருக்கிறது. ஆகவேதான் விற்பவர் தரும் உத்தரவாதத்தை நம்பி நாம் வாங்குகிறோம். அந்த உத்தரவாதம் எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும் என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டும், வணிகச் சட்ட வகுப்பில் கற்றதைக் கொண்டும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

நடந்தது என்ன?

என் சித்தப்பா வீடுகளுக்கு வயரிங் செய்பவர். 2023-ஆம் ஆண்டு இறுதியில், பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு நிலையத்தில் 2,85,000 ரூபாய்க்கு ஒரு சிறிய டீசல் கார் வாங்கினார். "எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாதம் வாரண்டி சார், கவலையே படாதீங்க" என்றார் விற்பனையாளர். இரண்டு பக்க ஆங்கிலத் தாளொன்றும் கொடுத்தார். சித்தப்பா அதை மடித்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டார்.

ஏழாவது வாரம் தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது வெப்பமுள் மேலே போயிற்று. ஓரமாக நிறுத்துவதற்குள் வெள்ளைப் புகை வந்துவிட்டது. வண்டியைக் கட்டியிழுத்து வந்து, தமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டார். இரண்டு நாளில் எஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். செலவு 42,600 ரூபாய் என்றார் மெக்கானிக். அதன் பிறகுதான் சித்தப்பாவுக்கு வாரண்டி நினைவுக்கு வந்தது.

நிலையத்தார் மூன்று காரணங்களைச் சொல்லி மறுத்தனர். முதலாவது, கெட்டது தண்ணீர்க் குழாய். அது எஞ்சினில் சேராது. இரண்டாவது, சூடேறிய பின்னும் ஓட்டியது ஓட்டியவரின் கவனக்குறைவு. மூன்றாவது, எங்களுக்குத் தெரிவிக்காமல் வெளியே பிரித்ததால் வாரண்டி அப்போதே முடிந்துவிட்டது.

பழுதின் இயல்பு

இம்மறுப்பை ஆராயுமுன் பழுது எவ்வாறு நேர்கிறது என்று அறிதல் வேண்டும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் என்னும் நீர்மம் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றுகிறது. குழாய் வெடித்து அது ஒழுகிவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. அலுமினியத்தால் ஆன எஞ்சின் தலைப்பாகம் சூட்டில் வளைகிறது. அதற்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் பிய்ந்து, தண்ணீரும் எண்ணெயும் கலக்கின்றன. எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். ஆக, சில நூறு ரூபாய் குழாய் பல்லாயிரம் ரூபாய் எஞ்சினைக் கெடுக்கும். தொடக்கம் குழாய், முடிவு எஞ்சின். உத்தரவாதம் தொடக்கத்தைப் பார்க்குமா, முடிவைப் பார்க்குமா? பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்தில்தான் எழுகின்றன.

இதைவிட முக்கியமான ஒன்றை மெக்கானிக் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "ரேடியேட்டருக்குள்ள ஒழுகல் அடைக்கிற மருந்து கட்டி கட்டியா இருந்துச்சுங்க. பழைய ஒழுகல்தான். நான் கழுவி விட்டுட்டேன்" என்றார். நான் திகைத்துப் போனேன். வண்டி எங்கள் கைக்கு வருமுன்பே ஒழுகியது என்பதற்கு இருந்த ஒரே சான்று அது. அதைக் கழுவி ஊற்றியாயிற்று. வெடித்த குழாயும் குப்பைக்குப் போய்விட்டது. ஒரு புகைப்படம் கூட இல்லை.

சட்டம் கூறுவது

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். அதன் 12-ஆம் பிரிவு நிபந்தனை வேறு, உத்தரவாதம் வேறு எனப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர்நாடியான நிபந்தனை மீறப்பட்டால் பொருளைத் திருப்பித் தரலாம். அதற்குத் துணையாக நிற்கும் உத்தரவாதம் மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கோரலாம். பொருளை ஏற்றுக்கொண்டு பயன்படுத்திவிட்டால், நிபந்தனை மீறலையும் பொதுவாக உத்தரவாத மீறலாகவே கருதவேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. ஏழு வாரம் ஓட்டிய காரை இச்சட்டத்தின்படி திருப்பித் தருவது கடினம் என்பது இதனால் விளங்கும்.

வாங்குவோன் விழிப்பாயிருக்க வேண்டும் என்பதே பொதுவிதி. ஆயினும் 16-ஆம் பிரிவு அதற்கு விலக்குத் தருகிறது. அப்பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், அது விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே அமைந்த நிபந்தனையாகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்குவதற்கும் வணிகரிடம் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆனால், வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இப்பாதுகாப்பு இல்லை. வெளிப்படையான ஒப்பந்தத்தால் இதனை விலக்கிவிடவும் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகையால் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிய தாளில் கையொப்பமிடுமுன் யோசிக்க வேண்டும்.

பழைய காருக்கு எவ்வளவு தரத்தை எதிர்பார்க்கலாம்? 1965-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பார்ட்லெட் வழக்கு இதற்கு விடை தருகிறது. பழைய ஜாகுவார் கார் ஒன்றின் கிளட்சில் குறையுண்டு என்று வணிகர் முன்பே சொன்னார். பழுது நீக்கித் தந்தால் ஒரு விலை, அப்படியே எடுத்தால் குறைந்த விலை என்றார். வாங்கியவர் குறைந்த விலைக்கே எடுத்தார். செலவு நினைத்ததைவிட மிகுதியானதால் வழக்குப் போட்டுத் தோற்றார். பழைய காரில் இன்றோ நாளையோ குறை தோன்றுவது இயல்பு. ஓட்டத்தக்க நிலையில் இருந்தால் போதும் என்பதே தீர்ப்பின் சாரம். சொல்லி விற்ற குறைக்கும் மறைத்து விற்ற குறைக்கும் உள்ள தூரத்தை இங்கே கவனிக்க வேண்டும். எங்கள் காரில் குறையைச் சொல்லவில்லை. ஆனால் மறைத்தார்கள் என்று காட்டவும் எங்களிடம் ஒன்றுமில்லை.

நுகர்வோர் பாதுகாப்பு

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தகுந்த சோதனை செய்யாமல் பொருளின் உழைப்புக்கு உத்தரவாதம் தருவதும், நிறைவேற்றும் வாய்ப்பே இல்லாத பழுதுநீக்க வாக்குறுதி தருவதும் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது அச்சட்டம். சோதித்த பின்னரே உத்தரவாதம் தந்தோம் என்று விற்பவர் சொன்னால் அதை அவரே மெய்ப்பிக்க வேண்டும்.

மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. குறையைக் கண்டறியப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. தொழிலுக்குப் பயன்படுத்தியவர் நுகர்வோர் அல்லர் என்று வணிகர் வாதிடக்கூடும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவரைச் சட்டம் விலக்கவில்லை. சித்தப்பா கருவிப்பெட்டியைக் காரில் ஏற்றிச் சென்றது இதனால் குற்றமாகாது.

பழைய வாகன வணிகருக்கென 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்று முறையும் வந்துள்ளது. அச்சான்றைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

எங்கள் வழக்கின் முடிவு

இவற்றையெல்லாம் எழுதி, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பதிவு செய்தோம். அதன் பிறகு நிலையத்தார் பேச வந்தனர். முதலிரண்டு மறுப்புகளை அவர்கள் வலியுறுத்தவில்லை. மூன்றாவதை மட்டும் விடவில்லை. பிரிக்குமுன் தெரிவிக்க வேண்டும் என்று தாளின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. கடைசியில் 18,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். வழக்குப் போடலாம் என்றேன் நான். "எதைக் காட்டி ஜெயிப்ப தம்பி? கழுவி ஊத்துனதையா?" என்று கேட்டார் சித்தப்பா. எனக்கு விடை தெரியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டார். மீதி 24,600 ரூபாய் அவருடைய சேமிப்பிலிருந்து போயிற்று.

நாம் கொள்ள வேண்டியவை

1. வாரண்டித் தாளைப் பணம் கொடுக்குமுன் படிக்க வேண்டும். புரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். எந்தெந்த உறுப்பு சேரும், எவை சேரா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. உத்தரவாதம் தருபவர் யார் என்று பார்க்க வேண்டும். தயாரித்தவரின் மீதிக்காலம் ஒன்று, விற்பவரின் வாக்கு ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் வாங்கித் தரும் திட்டம் ஒன்று.

3. வாயால் சொன்னதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

4. வாங்குமுன் நம் மெக்கானிக்கைக் கொண்டு பார்த்து, அவர் கண்டதை எழுதி வைக்க வேண்டும்.

5. முள் ஏறினால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் படமெடுக்க வேண்டும்.

6. விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் பார்க்க வாய்ப்பளித்த பின்னரே பிரிக்க வேண்டும். கழற்றிய உறுப்பு எதையும் எறியக் கூடாது.

முடிவுரை

சட்டம் நம் பக்கம் இருந்தது. நியாயமும் நம் பக்கம் இருந்தது. எனினும் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. ஏனெனில் உத்தரவாதச் சண்டையில் கேட்கப்படும் முதற்கேள்வி 'யார் சொல்வது சரி' என்பதன்று. 'குறை எப்போது தொடங்கியது' என்பதாகும். அதற்கு விடை சொல்வது பழைய குழாயும், ரேடியேட்டரில் படிந்த கசடும், தேதியிட்ட கடிதமுமே. அவற்றைக் காப்பவரையே சட்டமும் காக்கும். சித்தப்பாவின் கார் இன்று நன்றாக ஓடுகிறது. அந்த இரண்டு பக்கத் தாளை மட்டும் நான் வாங்கி என் வணிகச் சட்டப் புத்தகத்தில் 16-ஆம் பிரிவு உள்ள பக்கத்தில் வைத்திருக்கிறேன்.