எடையை அறிவது எந்தப் பொறி?

பரிசம் எட்டு வகைப்படும் என்று நம் பாடசாலைச் சிறார் மனப்பாடமாகச் சொல்வர்: தண்மை, வெம்மை, மென்மை, வன்மை, நொய்மை, திண்மை, நெய்ப்பு, வறட்சி. தத்துவார்த்த சூத்திரத்திற்குப் பூஜ்யபாத ஆசாரியர் இயற்றிய சர்வார்த்த சித்தி உரையில் இவ்வெட்டும் வகுத்துக் கூறப்பட்டுள்ளன. இதனை ஓதும் பிள்ளைகளுள் ஒருவரேனும் ஒரு நாள் கேட்பர்: "சூடும் குளிரும் தோலுக்குத் தெரியும். கனம் எப்படித் தோலுக்குத் தெரியும்? தூக்குவது கை அல்லவா?" நல்ல வினா. அதற்கு விடை காண்பதற்கு முன், விடுமுறையில் ஏற்காடு செல்லும் குடும்பத்தார் வழியிலேயே கற்கத்தக்க சிலவற்றைச் சொல்வோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. மார்கழி விடியலில் அங்கே ஓர் இரும்புக் கம்பியையும் அதனருகிலுள்ள மரப்பலகையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் ஒரே காற்றில் கிடந்தமையால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. ஆயினும் இரும்பே மிகுதியாகச் சில்லிடும். இரும்பு நம் விரலின் வெப்பத்தை விரைந்து ஈர்த்துக் கொள்கிறது. மரம் அவ்வாறு செய்வதில்லை. தோலிலுள்ள நரம்பு முனைகள் பொருளின் வெப்பநிலையை அறிவதில்லை. தாம் உறையும் தோலின் வெப்பநிலையையே அறிகின்றன.

அம்முனைகளில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மையில் திறக்கும் வாயில் ஒன்றை அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் கண்டறிந்தனர். மிளகாயின் காரச்சத்தும் அதே வாயிலைத் திறக்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக்கும் அவ்வாற்றல் உண்டு. காரத்தை நம் நூல்கள் சுவையுள் வைத்தன. இன்றைய உடலியல் அதனைப் பரிசத்துள் வைக்கிறது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டுவதில்லை.

நெய்ப்பும் வறட்சியும் இன்னும் நுட்பமானவை. மூடுபனியில் கொடியில் கிடந்த துணியை எடுத்தவர்கள் அது ஈரமா, வெறும் குளிர்ச்சியா என்று தெரியாமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பர். காரணம், மனிதத் தோலில் ஈரத்தை அறிவதற்கெனத் தனி உறுப்பு இல்லை. குளிர்ச்சியையும் துணி தோலில் படியும் விதத்தையும் சேர்த்து மூளை ஈரம் என்று துணிகிறது. ஆகவே எட்டுப் பரிசத்திற்கு எட்டு உறுப்பு என்று நேருக்கு நேர் கணக்கிடுதல் கூடாது.

அழுத்தத்தை அறிபவை வேறு. காப்பிப் பழத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தும்போது, தோலின் மேற்பகுதியிலுள்ள மெர்க்கெல் அணுக்கள் அதன் வடிவையும் அழுத்தத்தையும் உணர்த்துகின்றன. பழம் விரலிலிருந்து வழுக்கினால் மெய்ஸ்னர் உறுப்புகள் உடனே எச்சரிக்கின்றன. தோலின் ஆழத்தில் பசீனியன் உறுப்புகள் உள்ளன. நம்மில் பலர் விலக்கும் வெங்காயத்தைப் போன்றே அவை அடுக்கடுக்கான உறைகள் கொண்டவை! பேருந்தின் கம்பியைப் பற்றியிருக்கும் கைக்கு எஞ்சினின் அதிர்வு தெரிவது அவற்றால்தான். இவற்றுள் சில, தூண்டல் மாறாது நீடித்தால் விரைவில் அடங்கிவிடும். காலையில் உடுத்திய ஆடையை நாம் பின்னர் உணராமலிருப்பது இதனால்.

இனி எடைக்கு வருவோம். ஜெர்மானிய அறிஞர் வேபர் 1834-இல் வெளியிட்ட ஆய்வை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கையில் ஒரு புத்தகத்தையும் பின்னர்ச் சற்றே கனமான மற்றொன்றையும் வைத்தால் வேறுபாடு எளிதில் தெரியாது. அவற்றையே கையால் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோல் மட்டும் அறியாததைத் தசை அறிகிறது. தசைக்குள்ளே சில நுண்ணிழைகள் ஓர் உறையில் அடங்கிக் கதிர்வடிவில் உள்ளன. அவற்றைச் சுருள்போல் சுற்றிய நரம்பு முனை, தசை நீளுவதை அறிவிக்கிறது. தசையும் தசைநாணும் கூடுமிடத்தில் கோல்ஜி உறுப்பு என்னும் மற்றொன்று இழுவிசையை அறிவிக்கிறது. இவற்றோடு, தூக்குவதற்கு மூளை இட்ட முயற்சியின் அளவும் சேர்ந்தே கனம் என்னும் உணர்வு எழுகிறது.

கனம் மிகும்போது நரம்பு செய்வது என்ன? ஏட்ரியனும் சோட்டர்மனும் 1926-இல் கேம்பிரிட்ஜில் தவளையின் தசையில் எடைகளைத் தொங்கவிட்டு, ஒற்றை நரம்பிழையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தனர். எடை கூடியபோது ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகவில்லை. நொடிக்கு எத்தனை என்னும் எண்ணிக்கையே கூடியது. இவ்வறிவு ஐம்பொறி உயிர் ஒன்றின் உடலிலிருந்து பெறப்பட்டது என்பதை எழுதாமல் கடப்பது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

சிறாரின் வினாவிற்கு மிகத் தெளிவான விடை அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது. ஆர்டெம் பட்டபூத்தியன் குழுவினர் 2010-இல், அழுத்தினால் திறக்கும் பியேசோ என்னும் புரத வாயில்களைக் கண்டறிந்தனர். அவருக்கும் ஜூலியசுக்கும் 2021-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பியேசோ-2 என்னும் வாயில் தோலின் மென்தொடு உணர்விலும் தசையின் உணர்விலும் ஒருங்கே பணி செய்கிறது. பிறவியிலேயே அது செயற்படாத இருவரை அமெரிக்க மருத்துவர் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். அவர்கள் கண் திறந்திருக்க நடந்தனர். கண்ணைக் கட்டியதும் தள்ளாடினர். ஆகவே திண்மையையும் மென்மையையும் ஒரே இந்திரியத்தின் கீழ் வைத்த பழைய வகுப்பு இன்றும் பொருந்தி நிற்கிறது. எனினும், நம் ஆசாரியர் பியேசோவை அன்றே கண்டனர் என்று மார்தட்டுவது தகாது. அவர்கள் வகுத்தது ஜீவன் அறியும் முறையை, உறுப்பின் அமைப்பையன்று.

பரிசம் குன்றினால் நேரும் கேட்டை நம் நாட்டிலேயே கண்டு உலகிற்கு உரைத்தவர் ஒருவர் உண்டு. சேர்வராயன் மலைக்குத் தெற்கேயுள்ள கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளர்க்குச் சிகிச்சை செய்தார். விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். நரம்பு உணர்விழந்ததால், கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றியதும் முள் தைத்ததும் தெரியாமல் போய், ஆறாத புண்களாலேயே விரல்கள் அழிகின்றன என்று பிராண்ட் நிறுவினார்.

தொழுநோய் இன்று மருந்தால் குணமாகிறது. ஆனால் அதே கேட்டை நீரிழிவு நம் வீடுகளுக்குக் கொண்டு வந்துள்ளது. ஜினாலயத்தின் சுடுகல் தளத்தில் வெறுங்காலுடன் வலம் வரும் முதியவர், கொப்புளம் எழுந்ததை அறியாமல் வீடு திரும்புவதுண்டு. மருத்துவர்கள் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றி, தெரிகிறதா என்று கேட்பர். வலியற்ற சோதனை, ஆண்டுக்கொருமுறை செய்துகொள்ளலாம். வலம் வந்த நாட்களில், பொழுது சாயுமுன் வெளிச்சத்தில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். குனிய இயலாத தாத்தா பாட்டியர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.