அடுத்தவர் ஆதார் இருக்கும் கம்ப்யூட்டர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் இரண்டு கம்ப்யூட்டர், புதியதில் விண்டோஸ் 11, பழையதில் விண்டோஸ் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பழையதற்கு இனி அப்டேட் வராது, ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் 11-ஐ ஏற்றித் தருகிறேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரிடம் கொடுக்கலாமா, இல்லை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாமா, போட்டால் எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். ஊருக்கு ஊர் இதே கேள்வி இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன். உங்கள் பெயரும் ஊரும் இதில் வராது.

அந்த ஐந்நூறு ரூபாய் வேலை வேண்டவே வேண்டாம். அப்டேட் நின்றுபோனது உண்மைதான். 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன் பிறகும் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்று பதிவு செய்துகொள்கிற வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு வைத்தார்கள். ஆனால் உங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும். இரண்டும் இல்லாத இடத்தில் அவர் 11-ஐ ஏற்றுவதென்றால் விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்துத்தான் ஏற்ற வேண்டும். லைசென்ஸும் வாங்கப்போவதில்லை, கிராக்தான். அந்த கிராக்கை ஓட்டுவதற்கு முன் ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க’ என்று ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். யார் எழுதியதென்று தெரியாத ஒரு புரோகிராமுக்குக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கொடுத்து, காவலையும் நாமே எடுத்துவிடுகிறோம். பிறகு அது உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, ஏற்றிக்கொடுத்தவருக்கும் தெரியாது.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் போனால் நம்முடையது போகும். உங்கள் கடையில் அப்படியில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆதார் பிடிஎஃப், சாதிச் சான்று, மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் வந்த பட்டா நகல், யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்ட். பெயரும் வருடமும் பக்கத்திலிருக்கும் மார்க் ஷீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஊர் மக்கள் உங்களை நம்பித் தந்த காகிதங்கள் இவை. இந்தக் கம்ப்யூட்டரில் எதை ஏற்றுவது என்ற முடிவில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் தம்பி கேட்டாராம். அவருக்கு வான்னாக்ரை கதையைச் சொல்லுங்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய அந்த ரான்சம்வேர் நாடு நாடாகக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களில்தான் வான்னாக்ரை பெரும்பாலும் புகுந்தது. இனி உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அப்படிப்பட்ட அப்டேட்டே வராது என்னும்போது, ஏதாவது செய்தாக வேண்டும்.

என் யோசனை: பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மிண்ட் போடுங்கள், புதியதை விண்டோஸ் 11-லேயே விடுங்கள். இரண்டையும் மாற்றாதீர்கள். கைரேகை வைக்கும் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. நீங்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அந்த வேலைகள் புதிய கம்ப்யூட்டரில் நடக்கட்டும். ஆன்லைன் விண்ணப்பம், மெயில், பிரிண்ட், ஸ்கேன், டைப்பிங் எல்லாம் பழையதுக்குப் போகட்டும்.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கிப் பல ஆண்டுகளாகிவிட்டன. இது நம் ஊர் ஆட்களின் கை படாத பொருளல்ல. லினக்ஸில் பல வகை இருந்தும் நான் மிண்டைச் சொல்வதற்குக் காரணம், விண்டோஸில் பழகியவர்களுக்குக் கீழே மெனு, டாஸ்க்பார், வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் கை போகும் இடத்திலேயே இருப்பதுதான். அதிலும் 4 ஜிபி ராம் உள்ள உங்கள் கம்ப்யூட்டருக்கு ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பு பொருத்தம். மிண்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கையில் காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் வரும் வித்தியாசத்தை முதல் நாளே உணர்வீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன் பேக்கப். வேண்டிய கோப்புகளை ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி ஆனதும் அந்த டிஸ்க்கை மற்ற கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. வாடிக்கையாளர்களின் பழைய ஆதார், மார்க் ஷீட் நகல்களை மட்டும் காப்பி செய்யாதீர்கள். அவை இத்தோடு அழியட்டும்.

அடுத்தது, மிண்டை எங்கிருந்து எடுப்பது. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும். யாரோ கொடுக்கும் பென் டிரைவிலிருந்தோ டெலிகிராம் குழுவிலிருந்தோ வேண்டாம். சொந்தத் தளத்தில் எடுத்தாலும் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று சிலர் மிண்டின் இணையதளத்துக்குள் புகுந்து, டவுன்லோட் இணைப்பைப் பின்கதவு வைத்த ஒரு போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு அந்த இணைப்பில் 17.3 சின்னமன் பதிப்பை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது அந்தப் போலிதான். மிண்டின் நிறுவனர் கிளமென்ட் லெஃபெவ்ர் அதை மறைக்காமல் உடனே அறிவித்தார். அந்த நேர்மைக்காக எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

சோதனை கடினமல்ல. டவுன்லோட் பக்கத்தில் எஸ்எச்ஏ-256 என்ற பெயரில் 64 எழுத்துக் குறியீடு ஒன்று கொடுத்திருப்பார்கள். நீங்கள் இறக்கிய கோப்புக்கும் அதே குறியீடு வருகிறதா என்று விண்டோஸின் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். முதல் எட்டையும் கடைசி எட்டையும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள், முழுவதையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். தளத்தையே கைப்பற்றியவர்கள் குறியீட்டையும் மாற்றலாமே என்று தோன்றும். அதற்காகத்தான் குறியீடுகள் உள்ள கோப்பு டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. அதைச் சரிபார்க்கும் முறையையும் அந்தத் தளத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள்.

கோப்பு சரியென்றால், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருளால் அதை எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள். அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால், டிஸ்க்கில் எதையும் மாற்றாமலே மிண்ட் அப்படியே திரையில் வந்து ஓடும். உடனே இன்ஸ்டால் பட்டனை அழுத்தாதீர்கள். ஒரு முழு நாள் அப்படியே வைத்து வேலை செய்து பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, முக்கியமாக பிரிண்டர் அடிக்கிறதா? ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் சுலபமாக ஓடாது. அது ‘காப்ட்’ என்ற தனி முறையில் இயங்கும் பிரிண்டர். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் மாட்டியதும் அடிக்கும். உங்களுடையது 2900 என்றால் அதைப் புதிய கம்ப்யூட்டரிலேயே விட்டுவிடுங்கள், அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். ‘டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தால் பழைய விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். பேக்கப் கையில் இருப்பதால் நீங்கள் துணிந்து அதையே தேர்ந்தெடுக்கலாம். அதே திரையில் ‘மேம்பட்ட வசதிகள்’ என்பதற்குள் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் தேர்வு இருக்கும். அதை டிக் செய்யுங்கள். கடையில் திருட்டுப் போனாலும், ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் யாராவது டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாலும், பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு கோப்பும் திறக்காது. மறந்துவிட்டால் உங்களுக்கும் திறக்காது, மிண்ட்காரர்களாலும் திறந்துதர முடியாது. ஆகவே அதை ஒரு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். மானிட்டரில் ஒட்டத்தான் கூடாது.

பாஸ்வேர்டுக்குக் கடைப் பெயரும் 123-ம் வேண்டாம். உங்களுக்கு மட்டும் தோன்றும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதுங்கள். குறியும் எண்ணும் கலந்த எட்டு எழுத்தைவிட நீளமான அந்தச் சரம் உடைக்கக் கடினம், நினைவில் வைக்கவும் எளிது. ‘தானாக உள்நுழை’ என்ற தேர்வைத் தொடாதீர்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை அப்டேட் மேனேஜரைத் திறந்து, வந்திருக்கும் எல்லாவற்றையும் போடுவது. அங்கேயே தானியங்கி அப்டேட்டையும் ஆன் செய்துவிடலாம். மிண்டில் ஃபயர்வால் உண்டு, ஆனால் ஆரம்பத்தில் ஆஃபில் இருக்கும். மெனுவில் அதைத் திறந்து ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கும். ஏதாவது அப்டேட் தகராறு செய்தால் சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப அது உதவும். உங்கள் கோப்புகளை அது காப்பாற்றாது, அதற்கு எக்ஸ்டெர்னல் டிஸ்க்தான். அந்த டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கடைக்காரர்களுக்கென்றே செய்ததுபோல் ஒரு வசதி மிண்டில் இருக்கிறது. லாகின் விண்டோ அமைப்புக்குள் ‘விருந்தினர்’ கணக்கை அனுமதிக்கும் தேர்வு அது. வாடிக்கையாளர் தானே உட்கார்ந்து மெயில் திறக்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கில் விடுங்கள். அவர் இறக்கிய கோப்பு, திறந்து மறந்த ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் எல்லாம் லாக்அவுட் செய்ததும் அழிந்துபோகும். ஒவ்வொருவருக்குப் பிறகும் லாக்அவுட் செய்கிற பழக்கம் மட்டும் உங்களுக்கு வர வேண்டும்.

பென் டிரைவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகும் வைரஸ் உங்கள் கடைக்கு வாரம் ஒருமுறையாவது வந்துபோகும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது, லினக்ஸில் அதைக் கிளிக் செய்தாலும் ஓடாது. வைரஸ் மறைத்து வைத்த உண்மையான ஃபோல்டர்கள்கூட மிண்டில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பென் டிரைவை முதலில் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள், ஷார்ட்கட்டுகளை அழியுங்கள், அதன் பிறகே விண்டோஸ் பக்கம் கொண்டுபோங்கள். இதை வைத்து லினக்ஸுக்கு வைரஸே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யூடியூபில் பார்த்த ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளையை அர்த்தம் தெரியாமல் டெர்மினலில் ஒட்டி, பாஸ்வேர்டும் கொடுத்தால், கிராக் செய்யும் கெடுதலை அதுவும் செய்யும். எந்த மென்பொருள் வேண்டுமானாலும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி எடுங்கள். அங்கே இல்லாதது உங்கள் கடைக்கு வேண்டியதாக இருக்காது.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இதையெல்லாம் தமிழில் விளக்கமாகப் படிக்க, 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் மின்னிதழைப் பாருங்கள், இலவசம்தான்.

இந்த வாரம் பேக்கப்பையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் மட்டும் முடித்துவிடுங்கள். உங்கள் பிரிண்டர், ஸ்கேனர் இரண்டின் மாடல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எது மிண்டில் ஓடும், எது ஓடாது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஐந்நூறு ரூபாய் உங்கள் கல்லாவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்